எதைப் பிடுங்க, எதை நட? நெல்லைப் பக்கம் புதுவீடு கட்டிக் குடிவந்தவர்களுக்கு

பாளையங்கோட்டையைச் சுற்றி நாலு பக்கமும் புதுப்புது நகர்கள் வந்துகொண்டிருக்கின்றன. நேற்றுவரை உடங்காடாகவோ வயலாகவோ கிடந்த இடத்தில் இன்று வீடு நிற்கிறது. பால் காய்ச்சிக் குடிவந்த கையோடு செடிவண்டிக்காரரை நிறுத்தி நாலு பூச்செடி வாங்கி நட்டுவிடுகிறோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், காசு கொடுத்து வாங்கியதில் இரண்டு பட்டுப்போயிருக்கும். யாரும் நடாத செடி இடுப்பளவு வளர்ந்து பூத்திருக்கும். உடனே மண் சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் மண்ணில் குறை இல்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன முளைக்கிறது என்று பார்க்காமல் நட்டதுதான் குறை.

எங்கள் வீட்டில் முன்பக்கம் பத்தடி, புறவாசலில் ஒன்றரை சென்ட். அவ்வளவு இடத்தில் பல வருடமாக வளர்த்தும் பிடுங்கியும் தெரிந்துகொண்டதை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வேலை வரிசைப்படி சொல்கிறேன்.

முதலில், மண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

மனையை உயர்த்த லோடு மண் அடித்திருப்பார்கள். செம்மண்ணா, குளத்துக் கரம்பையா, ரோட்டோரம் வெட்டியதா என்று கொத்தனாரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். குளத்து மண்ணென்றால் கோரைக்கிழங்கு கூடவே வந்திருக்கும். ரோட்டோர மண்ணென்றால் பார்த்தீனியம் விதை இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

உரமும் அப்படித்தான். கிடை ஆட்டுப் புழுக்கை நல்ல உரம், சந்தேகமில்லை. ஆனால் நம் பக்கத்து ஆடுகள் சீமைக் கருவேல நெற்றைத் தின்று வளர்கின்றன. நெற்று செரித்துவிடும், உள்ளே இருக்கும் விதை செரிக்காமல் புழுக்கையோடு வந்துவிழும். அதை அப்படியே செடிக்குப் போட்டால் முதல் மழைக்குப் பூச்செடியின் தூரிலேயே முள்கன்று முளைக்கும். புழுக்கையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, இரண்டு மூன்று மாதம் நன்றாக மக்கவைத்த பிறகு போடுங்கள். அப்படியும் ஒன்றிரண்டு முளைத்தால் விரல் நீளத்திலேயே பிடுங்கிவிடலாம்.

ஒரு மழைவரை பொறுங்கள்

நெல்லையில் முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். முடிந்தால் அந்த மழைவரை எதையும் நடாமல், என்ன முளைக்கிறது என்று மட்டும் பாருங்கள். பங்குனியில் குடிவந்துவிட்டு ஐப்பசிவரை காத்திருக்க மனம் வராது. அப்படியானால் மூன்றடிக்கு மூன்றடி ஒரு பாத்தியைக் கொத்திவிட்டு, எதுவும் விதைக்காமல் பதினைந்து நாள் காலையில் தண்ணீர் தெளியுங்கள். மண்ணுக்குள் என்ன விதை கிடக்கிறதோ அது தலைகாட்டும். முளைத்ததை எல்லாம் மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு நட்டால் அந்தப் பாத்தியில் களை பாதியாகக் குறையும்.

பார்த்தீனியத்தைச் சின்னதிலேயே அடையாளம் காணுங்கள்

பூத்து நிற்கும் பார்த்தீனியத்தை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கையளவு இருக்கும்போது கண்டுபிடிப்பதில்தான் காரியம் இருக்கிறது. அப்போது அதற்குத் தண்டே தெரியாது. இலைகள் தரையோடு தரையாக, தட்டு விரித்ததுபோல வட்டமாகப் படர்ந்திருக்கும். இலை கேரட் இலைபோல ஆழமாகப் பிளந்து, வெளிர்ப்பச்சையாக, மேலே மெல்லிய ரோமத்தோடு இருக்கும். கேந்தி (செண்டுமல்லி) நாற்று என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர்களை எனக்குத் தெரியும். வித்தியாசம் இதுதான்: கேந்தி நாற்று முளைத்த நாளிலிருந்தே தண்டு விட்டு நிமிர்ந்து நிற்கும், இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே வரும், தொட்டாலே கேந்தி வாசம் அடிக்கும். பார்த்தீனியம் முதலில் தரையில் படுத்துக் கிடந்துவிட்டு, பிறகுதான் நடுவிலிருந்து வரி வரியான தண்டை மேலே அனுப்பும். உச்சியில் ஐந்து மூலையோடு வெள்ளைக்கல் மூக்குத்திபோலப் பொடிப்பொடியாகப் பூக்கும். பார்க்க அழகுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருநாள் அதைக் கொத்தாக ஒடித்து, பொக்கேயில் வைக்கிற பூ என்று கையில் வைத்திருந்தாள். வாங்கிப் போட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவவைத்தேன்.

1950களில் புனேப் பக்கம் கண்ணில் பட்ட செடி இது. இன்று இந்தியா முழுக்க இருக்கிறது. ஒரே செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். பூந்தூள் மூச்சுக்கோளாறு உள்ளவர்களைப் பாடாய்ப் படுத்தும். முதல் வருடம் வெறுங்கையால் பிடுங்கினேன், ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வருடம் அதேபோல ஒரு காலை முழுக்கப் பிடுங்கியதில், மூன்றாம் நாள் முழங்கையின் உட்பக்கம் சிவந்து தடித்து, இரண்டு வாரம் இரவில் தூக்கமில்லை. உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஒருமுறை ஒன்றும் செய்யவில்லை என்பதால் இனியும் செய்யாது என்று நினைக்காதீர்கள்.

எடுக்கும் முறை இது. மழை பெய்த மறுநாள், மண் ஈரமாக இருக்கும்போது, முழுக்கைச் சட்டையும் ரப்பர் கையுறையும் போட்டு, மூக்கை மூடிக்கொண்டு, பூக்கும் முன் வேரோடு பிடுங்குங்கள். மேலே அறுத்தால் பக்கவாட்டில் துளிர்த்துவிடும். பூக்காத செடியை உரக்குழியில் போடலாம். பூத்ததை உரச்சாக்கில் அடைத்து வாயைக் கட்டி, ஒரு மாதம் வெயிலில் கிடக்கவிடுங்கள், கொளுத்த வேண்டாம். காம்பவுண்டு ஓரம், சிமெண்டு இடுக்கு போன்ற இடங்களில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து நல்ல வெயிலில் தெளித்தால் கருகிவிடும். பூச்செடி வைக்கப்போகும் மண்ணில் இதைச் செய்யாதீர்கள். உப்பு அங்கேயே தங்கிவிடும். பிடுங்கிய இடத்தைச் சும்மாவும் விடக்கூடாது. கேந்தி விதையைத் தூவிவிடுங்கள். அது நெருக்கமாக எழும்பினால் பார்த்தீனியத்துக்கு வெயில் கிடைக்காது.

முள்ளில் எது சீமை, எது நம்முடையது

வேலி ஓரம் முள்கன்று தெரிந்தாலே வெட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பூவைப் பாருங்கள். விரல் நீளத்துக்கு மஞ்சள் கதிராகப் பூத்து, வைக்கோல் நிறத்தில் நெற்று தொங்கினால் அது சீமைக் கருவேலம். மஞ்சள் பந்தாகப் பூத்து, மணி கோர்த்ததுபோல இடுக்கி இடுக்கி நெற்று வந்தால் நாட்டுக் கருவேலம். வெள்ளைப் பந்தாகப் பூத்து, சுருண்ட நெற்றோடு, குடை விரித்ததுபோலத் தட்டையாக நிற்பது உடைமரம். நாங்குநேரி, இராதாபுரம் பக்கத்துப் பொட்டல்களின் மரம் அது. அந்த நிழலில்தான் நம் ஆடுகள் காலங்காலமாகப் படுத்திருக்கின்றன. இடமிருந்தால் உடைமரத்தை விட்டுவையுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சீமைக் கருவேலத்தை அரிவாளால் தரையோடு வெட்டினால், அடுத்த மழைக்கு ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். துளிர்க்கும் கணு மண்ணுக்குள்ளே இருக்கிறது. மம்பட்டியால் ஓர் அடி ஆழம் பறித்து, தூரோடு எடுத்தால்தான் தீரும். பெரிய மரமென்றால் ஜேசிபி வரும் அன்றே, காம்பவுண்டு கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கோரை

இதைக் கையால் இழுத்தால் இலைதான் வரும், கிழங்கு உள்ளே நின்றுவிடும். ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய நூல்போல வேர் ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது என்று சங்கிலியாகப் போகும். களைக்கொத்தியால் அந்த நூலைப் பின்தொடர்ந்து எடுக்க வேண்டும். எவ்வளவு எடுத்தாலும் மிச்சம் இருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை துளிரைக் கொத்திக்கொண்டே வந்தால் கிழங்கு இளைத்துப்போகும். நிழல் விழும்படி செடி அடர்ந்துவிட்டாலும் கோரை ஒடுங்கும். எடுத்த கிழங்கை எறிய வேண்டாம். கழுவிக் காயவைத்து இடித்தால் குளியல்பொடிக்கு வாசம் சேர்க்கும்.

நெருஞ்சியைக் காய் பிடிக்கும் முன் எடுங்கள், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடமல்லவா. ஊமத்தை வெள்ளையோ கருநீலமோ, பிள்ளைகள் உள்ள வீட்டில் நிற்க வேண்டாம். குளத்தங்கரையில் இளம் ஊதாப்பூவோடு நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கை வேலிக்கு ஒடித்து வராதீர்கள்; ஆட்டுக்கு விஷம், ஒடித்த குச்சி விழுந்த இடமெல்லாம் முளைக்கும்.

இவற்றைப் பிடுங்காதீர்கள்

தும்பை, குப்பைமேனி, கீழாநெல்லி, மூக்கிரட்டை, வெட்டுக்காயப் பூண்டு ஆகியவை தானாக முளைத்தால் ஓர் ஓரத்தில் விட்டுவையுங்கள். தும்பைப் பூவில் காலையில் தேனீ நிற்கும். மூக்கிரட்டை கீரைக்காகும். எருக்குப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, உண்மைதான். ஆனால் ஆரஞ்சும் கறுப்புமாகப் பறக்கிற வண்ணத்துப்பூச்சி எருக்கில்தான் முட்டையிடும். பிள்ளைகள் கைபடாத மூலையில் ஒன்று நிற்கட்டும். கறிவேப்பிலையில் புழு இருந்தால் மருந்து அடிக்க ஓடாதீர்கள், அதுவும் பட்டாம்பூச்சிதான்.

அழகாக வந்து ஊரைப் பிடித்தவை

செடிவண்டி தெருவுக்குள் வருகிறது. "எக்கா, இதுக்குத் தண்ணியே வேண்டாம், ஆடு கடிக்காது, வருசம் முழுக்கப் பூக்கும்" என்கிறார் வண்டிக்காரர். இந்த மூன்று குணமும் ஒரே செடியில் இருந்தால் வாங்கும் முன் யோசியுங்கள். ஆடு ஏன் கடிக்கவில்லை? தண்ணீர் கேட்காமல் வருடம் முழுக்கப் பூத்தால் அந்த விதை எல்லாம் எங்கே போகும்?

லாந்தனா என்று சின்னத் தொட்டியில் விற்கிறார்கள். ஒரே கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் ரோஸுமாக இருக்கும். நாற்கோணத் தண்டு, தடவினால் சிறு முள், கசக்கினால் காட்டமான நெடி. இது நம் உண்ணிச்செடியேதான். அழகுக்காக 1809இல் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று பாபநாசம், மணிமுத்தாறு மலையடிவாரத்தில் ஆள் நுழைய முடியாத புதராகக் கிடக்கிறது. பழத்தைப் பறவைகள் தின்று விதையை எங்கெங்கோ போட்டுவிடுகின்றன. மாடு தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்டாலே தோல் வெந்துபோகும்.

அமலைச்செடியும் (ஆகாயத்தாமரை) அந்த வழியில் வந்ததுதான். ஊதாப்பூவில் மயில்கண்போல மஞ்சள் பொட்டோடு, பார்த்தால் மனம் இளகிவிடும். தாமிரபரணியிலும் வாய்க்கால்களிலும் அதை அள்ள எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். வீட்டுத் தொட்டியில் வைத்தால் ஒருநாள் தொட்டி நிறையும். நிறைந்ததை அள்ளி யாராவது வாய்க்காலில் போட்டுவிடுவார்கள். தண்ணீரில் பூ வேண்டுமென்றால் அல்லிக்கிழங்கு வையுங்கள்.

எனக்கே நடந்தது வெடேலியாவால். மூன்று மடலாகப் பிரிந்த இலை, சின்னச் சூரியகாந்திபோல மஞ்சள் பூ. நர்சரி ஒன்றில் புல்தரைக்குப் பதிலாக வைக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தரை தொட்ட கணுவெல்லாம் வேர் விட்டது. ஒரு மழைக்காலத்திலேயே காம்பவுண்டுச் சுவரின் அடி இடுக்கில் நுழைந்து வெளியே ஓடும் கால்வாய்க்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு மதினியும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை குனிந்து எடுத்தோம். ஒரு துண்டு விட்டாலும் திரும்ப வரும் என்பதால் எல்லாவற்றையும் பொறுக்கிச் சாக்கில் கட்டினோம்.

விஷமும் பூவும்

செவ்வரளி நாற்கரச் சாலையின் நடுவில் எப்படிப் பூத்துக் கிடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். மாலைக்கு ஆகும், வெயிலுக்கு அஞ்சாது, உப்புத்தண்ணீரையும் தாங்கும். ஆனால் இலை, பூ, குச்சி, வேர் எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் விஷம். கைக்குழந்தையோ ஆடு மாடோ உள்ள வீட்டில் வைக்க வேண்டாம். மஞ்சளரளியை எந்த வீட்டிலும் வைக்க வேண்டாம் என்பேன்; அந்தக் காய் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் தோதில் உருண்டு கிடக்கும். வரவேற்பறைத் தொட்டியில் புள்ளி இலையோடு நிற்கும் டிபன்பேக்கியாவைக் கடித்தால் நாக்கும் வாயும் வீங்கிவிடும். தவழ்கிற பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

செங்காந்தள் நம் மாநில மலர். கார்காலத்தில் வேலியில் தானாக ஏறித் தீச்சுடராகப் பூக்கும். அதை அழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் செடி முழுக்க விஷம், கிழங்கு கடும் விஷம். சேனையோ சர்க்கரைவள்ளியோ போடுகிற பாத்திக்குப் பக்கத்தில் அது வரவே கூடாது, கிழங்கு மாறிவிடும்.

பிள்ளை எதையாவது கடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாயைத் துடைத்து, கடித்த செடியில் ஒரு கொத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு, 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். செடியைப் பார்த்தால் மருத்துவருக்கு வேலை சுலபமாகும்.

இப்போது பூ

வாங்கும் முன் ஒருநாள் முற்றத்தில் வெயில் எங்கே எத்தனை மணிவரை விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். திசையன்விளை, இராதாபுரம் பக்கம்போல உப்புக் கரித்தால் ரோஜாவை மறந்துவிட்டு நித்தியகல்யாணி, காகிதப்பூ என்று போங்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி ஆற்றங்கரை வண்டலில் எதை வைத்தாலும் வரும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் மழைக்குத் தண்ணீர் தேங்கும், அதனால் மேடு கட்டி நடுங்கள். ஆனியும் ஆடியும் கணவாய் வழியே வருகிற மேல்காற்று இளஞ்செடியை முறித்துப்போடும். கொடிகளைச் சுவருக்குக் கிழக்கே வைத்தால் தப்பும்.

செம்பருத்தி யாருக்கும் வரும். மாவுப்பூச்சி பிடித்தால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். போகாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். இட்லிப்பூவில் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் போனால் அது நோயல்ல, சுண்ணாம்புத் தண்ணீரால் இரும்புச்சத்து ஏறாமல் நிற்கிறது. அன்னபேதி உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளித்தால் பசுமை திரும்பும். கனகாம்பரம் அரைநிழலில் நன்றாக வரும். திடீரென்று வாடினால் பிடுங்கி வேரைப் பாருங்கள், முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அதே இடத்தில் ஒரு பருவம் கேந்தி போட்டால் புழு குறையும். பவளமல்லி கிணற்றடிக்கு ஏற்றது. விடியலில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கவே பிள்ளைகள் சீக்கிரம் எழுவார்கள். வீட்டிலிருந்து பத்தடி தள்ளி இடமிருந்தால் ஒரு சரக்கொன்றை. சித்திரை விசுவுக்குக் கனி காணப் பூ வெளியே தேட வேண்டாம்.

ஒரே ஒரு செடிதான் வைக்க முடியும் என்றால் பிச்சி வையுங்கள். வடக்கே ஜாதிமல்லி என்பார்கள். இதைக் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். தெருவில் யார் வீட்டிலாவது நிற்கும், பதியம் கேளுங்கள். எங்கள் ஆச்சி செய்தபடி சொல்கிறேன். பென்சில் பருமனில், முற்றியும் முற்றாமலும் உள்ள கொப்பு ஒன்றைத் தரைக்கு வளைக்க வேண்டும். மண்ணைத் தொடும் கணுவுக்குக் கீழே பிளேடால் சாய்வாக ஒரு கீறல், பாதி ஆழம்வரை. கீறல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஈர்க்கு ஒரு துண்டு. அந்த இடத்தை நாலு விரல் ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்து, நுனியை வெளியே நிமிர்த்திவிட வேண்டும். கல் கொப்பை அசையவிடாது, அடியில் ஈரத்தையும் பிடித்துவைக்கும். ஆனியிலிருந்து கார்த்திகைவரை எப்போது போட்டாலும் மூன்று நாலு மாதத்தில் வேர் பிடிக்கும். நுனியில் புதுத்துளிர் வந்ததும் கல்லை எடுத்து, லேசாக இழுத்துப் பாருங்கள். அசையாவிட்டால் தாய்ச்செடிப் பக்கம் வெட்டி, மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வாருங்கள்.

ஓர் அடிக் குழியில் மக்கிய உரமும் செம்மண்ணும் சரிபாதியாகக் கலந்து நடுங்கள். ஐந்தாறு மணி நேரமாவது வெயில் வேண்டும். நிழலில் இலைதான் தழைக்கும். அடுத்த வருடத்திலிருந்து கவாத்து செய்யத் தவறாதீர்கள். குண்டுமல்லியென்றால் நவம்பர் கடைசியில், பிச்சியென்றால் ஜனவரி நடுவில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டிவிட்டு, இலைகளையும் உருவிவிட வேண்டும். மொட்டையாக நிற்பதைப் பார்த்து மனம் பதறும். தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, உரம் வைத்து, துளிர் வந்ததும் பழையபடி ஊற்றுங்கள். குண்டுமல்லி மாசிக் கடைசியில் மொக்கு காட்டும். பிச்சி ஆனியில் தொடங்கும். சாயங்காலம் விரிவதற்கு முன்னால், நுனி இளஞ்சிவப்பாக இருக்கும்போதே மொக்காகப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துக் கட்டுங்கள்.